ஜெபஸ்தியான் வண்டியின் மூணாவது

எனக்குக் கெடுதல் செய்தவர் ஆவுடைநாயகம். வேலாங்குளம் டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரே வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். ஸ்டாண்டுக்குத் தலைவரும் அவர்தான். எனக்கு அவர் செய்தது இரண்டு. முதலாவதைச் சிரித்துக்கொண்டே செய்தார், இரண்டாவதைக் கோபத்தில் செய்தார். முதலாவதை நான் விட்டுவிட்டேன், இரண்டாவதை விடவில்லை. ஏழு பேர் முன்னால் எடுத்த என் பெயரை அதே ஏழு பேர் முன்னால் அவர் திருப்பி வைக்கவேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

பழைய அம்பாசடர் இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற டப்பா ஒன்று இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் என்று பெயர். பந்தியில் இலை பார்த்துப் பரிமாறுகிறவனைப்போல அது நாலு சிலிண்டருக்கும் முறை வைத்து நெருப்புப் பொறியைப் பரிமாறும். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்பது முறை. அதன் கறுப்பு மூடியில் நாலு மூக்கு, மூக்குக்கு ஒன்றாக நாலு வயர். கழற்றி மாட்டும்போது வயர் மாறினால் வண்டி இருமும், உதைக்கும், ஓடாது. நான் மெக்கானிக், முப்பது வருஷமாக வயர் நுனியில் நூல் கட்டி அடையாளம் வைத்தவன். ஒன்றாவதுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு முடிச்சு, இப்படி. எழுதத் தெரியாமல் செய்ததல்ல. பானட்டுக்குள் கண் போகாத இடத்துக்கும் விரல் போகும், கிரீஸ் படிந்த எழுத்தை யாராலும் வாசிக்க முடியாது, முடிச்சை விரலே வாசித்துவிடும்.

ஜெபஸ்தியான் தன் அம்பாசடருக்குப் புது மூடி வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனபோது, ஆவுடைநாயகம் பழைய மூடியை வயரோடு கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கடையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார்.

"இங்க பாருங்கய்யா, இன்ஜினுக்குத் தாயத்துக் கட்டியிருக்காரு நம்ம வேலாண்டி. ஓய், காத்துக்கருப்பு ஏதும் அண்டிருச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெபஸ்தியான்கூடச் சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அன்றைக்கு நான் நூல் கட்டவில்லை. பட்டறையில் கிடந்த தச்சுப் பென்சிலை எடுத்து, ரெண்டாம் வகுப்புவரை படித்தவன் என்பது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று, அந்தப் புது மூடியின் மேல் 1, 2, 3, 4 என்று ஒவ்வொரு மூக்கின் காலடியிலும் தடிமனாக எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. இதுதான் அவர் செய்த முதலாவது, இதை நான் விட்டாயிற்று.

இரண்டாவது அந்தக் கார்த்திகையில் நடந்தது. ஆவுடைநாயகத்தின் தங்கச்சி மகளுக்குச் சாத்தூரில் கல்யாணம், விடிந்ததும் முகூர்த்தம், தாய்மாமன் இவர். ஜெபஸ்தியான் வண்டியில் ஆறு பேரும் சீர்த்தட்டுமாக ஏறினார்கள். பனி இறங்கிய காலை. ஓடை தாண்டும் ஏற்றத்தில் வண்டி விட்டு விட்டு இழுத்து, உதறி, நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்து இவர் மண்டபத்துக்குப் போனபோது தாலி ஏறிவிட்டது. தாய்மாமன் இடத்தில் வேறு யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமன் நின்று முடித்திருந்தான். அது ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்கும் தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் திரும்பி வந்து, ஸ்டாண்டில் ஏழு டிரைவர்கள் உட்கார்ந்திருக்க, நான் டீ கிளாஸோடு நிற்க, இப்படிச் சொன்னார்:

"கைநாட்டு கையில வண்டியக் குடுத்தா, தாய்மாமன் இல்லாமத்தான் தாலி ஏறும்."

நான் கைநாட்டு இல்லை. கையெழுத்துப் போடுகிறவன். ரேஷன் கார்டில், சொசைட்டி நோட்டில், என் மகள் கல்யாணப் பதிவில், எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருக்கிறது. டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்தேன். அடுத்த நாளிலிருந்து ஏழு பேரும் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஏழு பேரில் சேராத ஜெபஸ்தியான் மட்டும் வந்தான், சிரித்தவன் என்பதால் அவனுக்கு ஒரு கூச்சம்.

அன்றிலிருந்து அந்த வண்டியில் மூன்றாவது சிலிண்டர் காலையில் மட்டும் அடிக்காமல் விட்டது. ஜெபஸ்தியான் கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்துகிறவன். விடிந்ததும் எடுத்து ஊரின் நாலு தெருவையும் சுற்றி ஸ்டாண்டுக்குப் போவான். தெருவுக்கு ஒரு தடவை, இரண்டு தடவை, டக் டக் டக் டக் என்று போகிற சத்தத்தில் ஒரு டக் இருக்காது. ஒரு பொறி கிளம்பிவிட்டால் அது எங்காவது போய்ச் சேர்ந்துதானே ஆகவேண்டும்? அந்தப் பொறி வீடுகளுக்குப் போயிற்று.

முதலில் போனது நடுத்தெரு வெயிலுகந்தம்மா வீட்டுக்கு. ஆடி மாதம் மகன் கிணற்றில் விழுந்து போனதிலிருந்து கட்டிலை விட்டு இறங்காதவள், மருமகள் ஊட்டினால் வாய் திறப்பாள், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அன்றைக்கு அவள் வாசலுக்கு நேரே வண்டி ஒரு தடவை விட்டது, கட்டிலில் கிடந்தவள் இரண்டு காலையும் தரையில் ஊன்றி எழுந்து நின்று, "குடம் எங்கடீ?" என்று கேட்டாளாம். குடத்தை எடுத்துக்கொண்டு பைப்படிக்கு வந்து வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர்கள் இடம் விட்டார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், தன் முறை வரட்டும் என்று.

பிறகு தையல்காரர் வீட்டில் ஆறு மாதமாகச் சுற்றாமல் கிடந்த மிஷின் சுற்றியது, மேலத்தெருவில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்து ஒன்பது வருஷம் பேசாத அண்ணன் தம்பியில் தம்பிக்காரன் சுவருக்கு மேலே தலையை நீட்டி "அண்ணே, ஒங்க வீட்ல தண்ணி வருதா?" என்று கேட்டான், பெண் பார்த்துவிட்டுப் போய் நாலு மாதம் பதில் சொல்லாத மாப்பிள்ளை வீட்டார் அன்று மத்தியானமே ஆள் அனுப்பினார்கள், பஞ்சாயத்து ஆபீஸ் பீரோவில் இறுகிக் கிடந்த சாவி திரும்பியது. எங்கேயும் எதுவும் எரியவில்லை. சிலிண்டருக்குள் பொறி என்ன செய்யுமோ அதைத்தான் வெளியேயும் செய்தது. நின்று போனதை ஒரே ஒரு தள்ளுத் தள்ளியது. அடுத்த தள்ளு அவரவர் பாடு.

இந்த ஊர் தீப்பெட்டி ஊர். வீட்டுக்கு வீடு மருந்தும் குச்சியும் அட்டையும். ஒரு பொறி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோல் தெருவில் அலைகிறது என்றதும், தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் வாட்ச்மேன் கையில் சிவப்புத் துணியைக் கொடுத்து, ஜெபஸ்தியான் வண்டியை நூறடிக்கு அந்தப் பக்கமே நிறுத்தச் சொன்னார். நாலாம் நாள் அவருடைய மெழுகு மிஷின் இறுகிப்போய் ஓடவில்லை. ஐந்தாம் நாள் அதே வாட்ச்மேன் அதே சிவப்புத் துணியை வீசி, "உள்ள வாங்கண்ணே, உள்ள வாங்க, மேனேஜர் கூப்பிடுறாரு" என்று வழிகாட்டினான்.

அதற்கு 'மூணாவது' என்று பெயர் வந்தது. "இன்னைக்கு மூணாவது நம்ம தெருவுல விட்டுச்சா?" என்று விசாரிப்பது, "என்ன சாப்பாடு?" என்று விசாரிப்பதுபோல் ஆயிற்று. நின்று போனது எதுவோ அதைக் கையில் வைத்துக்கொண்டு, சாலையின் இடது பக்கம் நிற்கவேண்டும். இடம் பிடிக்க முந்தின சாயங்காலமே கல் வைத்தார்கள். கல்லை நகர்த்தினால் சண்டை வந்தது. கடைசியில் பஞ்சாயத்தில், ஒரு வீட்டுக்கு ஒரு கல், அடுத்தவன் காரியத்துக்காக யாரும் நிற்கக் கூடாது, மாமியார் வாயை நிறுத்துவதற்கு மூணாவதைக் கேட்கக் கூடாது, அது தள்ளத்தான் செய்யும், நிறுத்தாது என்று பேசி முடித்தார்கள்.

ஜெபஸ்தியான் வண்டிக்கு மஞ்சள் பூசினார்கள், கண்ணாடியில் கதம்பம் தொங்கவிட்டார்கள், அவன் மாதா படத்துக்குப் பக்கத்தில் அவரவர் சாமி படத்தையும் ஒட்டினார்கள். தெருவுக்குத் தெரு இட்லி கொடுத்தார்கள். ஆனால் வாடகைக்கு ஒருவரும் ஏறவில்லை. மூணாவது குடியிருக்கிற வண்டியில் காலை மடக்கி உட்கார்ந்து போவது மரியாதை இல்லையாம்.

"அண்ணாச்சி, ஊரையெல்லாம் தள்ளிவிடுது, என்னைய மட்டும் இழுத்துக்கிட்டுப் போகுது. இட்லிய டேங்க்ல ஊத்த முடியுமா?" என்று அவன் என் பட்டறையில் வந்து உட்காருவான்.

எனக்கு அது ஆசீர்வாதமாகத் தெரியவில்லை. என் கையால் பார்க்க முடியாத ஒரு கோளாறு, பூ வைத்துக்கொண்டு, மஞ்சள் பூசிக்கொண்டு, தினமும் காலையில் என் வாசலைத் தாண்டிப் போயிற்று. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால்தான் என் பேர் நிற்கும். ஸ்டாண்டில் அந்த ஏழு பேரும், "வேலாண்டி கையில குடுத்தா பொறி ஊர்மேயப் போயிரும்" என்று சிரிப்பதாகக் கேள்வி.

மத்தியானம் வண்டியைக் கொண்டுவருவான். அப்போது ஒரு அடிகூட விடாது, குழந்தை தூங்குவதுபோல் ஓடும். நான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற பாயிண்ட்டை மாற்றினேன். கண்டன்சர் மாற்றினேன். ரோட்டரைத் தேய்த்து மாட்டினேன், பிறகு புதுசே போட்டேன். பிளக்கை இடம் மாற்றினேன், மூன்றாவதில் இருந்ததை ஒன்றாவதில் போட்டேன். அப்போதும் மறுநாள் காலை மூன்றாவதுதான் விட்டது. பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழற்றித் துடைத்தபோது என் எழுத்து மங்கியது. ஒவ்வொரு தடவையும் மாட்டியதும் பென்சிலை எடுத்து அதன் மேலேயே அழுத்தி எழுதினேன். இரண்டு மாதத்தில் எட்டுத் தடவையாவது எழுதியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் மறுநாள் மூணாவது முன்னைவிட அதிகமாகப் போயிற்று, தெருவுக்கு நாலு ஐந்து என்று. ஊர் என்னைக் கும்பிட்டது.

தை பிறந்து சில நாளில் என் வீட்டுக்காரி ராசக்கனி பைப்படியிலிருந்து வந்ததும் குடத்தை இறக்காமலே சொன்னாள்: "ஒங்க ஆவுடைநாயகம் நாளைக்குக் கல் வச்சிருக்காராம்."

"அவருக்கு என்ன நின்னுபோச்சாம்?"

"அவரு சம்சாரம் சொல்லுச்சு. கார்த்திகையில ஒங்கள அப்படிப் பேசினாரே, மறுநாள்லருந்தே மனசு ஆறலையாம். ஒங்களக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லணும்னு தெனமும் கெளம்புறாராம். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்னுக்கிடுதாம். சோறுகூட சரியா எறங்கலையாம். நாளைக்கு அந்த ஏழு பேரையும் வரச் சொல்லி, ஸ்டாண்டு முன்னால இடது பக்கம் நிக்கப் போறாராம்."

அவள் குடத்தை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போங்க," என்றாள்.

ஆனால் அதே மறுநாள்தான் நான் ஜெபஸ்தியானையும் வரச் சொல்லியிருந்தேன். மத்தியானத்தில் தூங்குகிற கோளாறு, காலையில் விழிக்கிறது என்றால், அதற்குப் பனி வேண்டும் என்று எனக்குப் புத்தி வர இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஊரைச் சுற்றுவதற்கு முன்னால், கண்மாய்க் கரையிலிருந்து பனியோடு நேரே பட்டறைக்கு வா என்று சொல்லியிருந்தேன்.

வந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பானட்டைத் திறந்து, கறுப்புக் கம்பளியை என் தலையோடு சேர்த்து இன்ஜின் மேல் போர்த்திக்கொண்டேன். வெயில் நேரத்திலும் பொறியைப் பார்க்க இதுதான் வழி. உள்ளே இருட்டு, பெட்ரோல் வாசனை, இன்ஜினின் சூடு. வாயில் தண்ணீர் வைத்து மூடிமேல் மெல்ல ஊதினேன். அப்போது தெரிந்தது. மூன்றாவது மூக்கின் காலடியில் நீலமாக ஒரு நூல் எழுந்தது. அது வளைந்தது, இடுப்பில் ஒரு சுழி சுழித்தது, மறுபடி வளைந்தது, பிறகு நீளமாகக் கீழே இறங்கி மூடியைப் பிடித்திருக்கிற இரும்புக் கொக்கிக்குள் போய் மறைந்தது. எனக்கு முன்னால் இருட்டில் நீல நெருப்பில் 3 என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

ரெண்டாம் வகுப்பில் மூன்றுக்கு வால் நீளமாக இழுத்தால் அழகு என்று வாத்தியார் சொல்வார். மற்ற எண்களுக்கு அப்படி வால் இல்லை. பென்சில் கரி கரண்டைக் கடத்தும், பனி ஈரம் சேர்ந்தால் இன்னும் நன்றாகக் கடத்தும். அந்த வால் வழியாகத்தான் பொறி இறங்கி ஊருக்குள் போயிருந்தது. எட்டுத் தடவை நானே அழுத்திப் பாதை போட்டுக் கொடுத்திருந்தேன்.

கம்பளியை விலக்கினேன். என் முகத்தைப் பார்த்து ஜெபஸ்தியான் பயந்துவிட்டான்.

"என்ன அண்ணாச்சி?"

"எழுத்து," என்றேன். "என் எழுத்து."

அவன் குனிந்து பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன். மூடியை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது," என்றான். அதை அவன் அன்றைக்குத்தான் சொன்னான்.

நான் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியைப் பெட்ரோலில் நனைத்தேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, பொறுங்க. ஆவுடைநாயகம் அங்க நிக்காரு. ஏழு பேரும் நிக்காங்க. ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிர்றேன். நீங்களும் வந்து கேட்டுருங்க. அதுக்கப்புறம் தொடச்சிருவோம். என் வண்டிதான, நான் சொல்றேன்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் இரண்டு மாதமாக வேறு எண்ணமே இல்லை. ஆயில் பார்க்கும் கம்பியை உருவினேன், எதற்கு என்று தெரியாமல்தான் உருவினேன், கை பழக்கம். முகர்ந்தேன். ஆயில் வாசனை இல்லை, பெட்ரோல் வாசனை. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன், வழுவழுப்பே இல்லை, தண்ணீர் மாதிரி இருந்தது. மூன்றாவது சிலிண்டரில் எரியாத பெட்ரோல் இரண்டு மாதமாக வழிந்து ஆயிலைக் கழுவிக்கொண்டிருந்தது. இந்த ஆயிலில் இதற்குமேல் ஒரு சுற்று ஓடினால் இரும்பை இரும்பு தின்னும். புது ஆயில் ஊற்றினாலும் மூணாவது விடுகிறவரை பெட்ரோல் அதையும் கழுவிவிடும். இன்ஜின் போய்விட்டால் ஜெபஸ்தியானுக்கு எடுத்துக் கட்ட வழியில்லை. எனக்கு வேண்டியது ஒரு சொல். அதற்காக ஓடுகிற ஒரு இன்ஜினைக் கொல்ல என் கை வரவில்லை. அதோடு அந்தக் கோடும் என் கோடு.

"ஓட்டாத," என்று சொல்லிவிட்டுத் துடைத்தேன். ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, நான்கு போயிற்று. மூன்று மட்டும் அழுத்தி அழுத்தித் துடைத்த பிறகுதான் போயிற்று. புது ஆயில் ஊற்றினேன். பெட்டியிலிருந்து நூலை எடுத்து, ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு, நாலு முடிச்சு கட்டினேன். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன்.

தெருவெல்லாம் ஆட்கள் இடது பக்கம் நின்றார்கள், பூட்டோடு, கடிகாரத்தோடு, நடக்காத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. நாங்கள் போனோம். நாலும் சேர்ந்து அடித்தது, ஒரு இடத்திலும் ஒன்றும் விடவில்லை. அப்படி ஒரு சத்தம் அந்த வண்டியிலிருந்து அவர்கள் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிலர் கையைக் கூப்பியபடியே நின்றார்கள், சிலருக்குப் புரிந்துவிட்டது. "மூணாவத என்னய்யா பண்ணீரு?" என்று யாரோ பின்னால் கத்தினார்கள். வெயிலுகந்தம்மா குடத்தோடு வண்டி ஓரத்தில் வந்து, கூடவே நாலடி நடந்து, "எனக்குப் போதும்யா. அன்னைக்கு ஒண்ணு போதும்," என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டாள்.

ஸ்டாண்டு முன்னால் ஆவுடைநாயகம் நின்றார், சலவை வேட்டி, மூன்று விரல் திருநீறு, காலடியில் அவருடைய கல். பின்னால் ஏழு பேர். நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன், அணைக்கச் சொல்லவில்லை. ஒரு டிரைவர் டீ கிளாஸை பானட்டின் மேல் வைத்தான், டீ அசையவில்லை. ஆவுடைநாயகம் அந்த கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். விடப்போகிற ஒரு டக்குக்காகக் காத்து நின்றார். இன்ஜின் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று ஒன்றையும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"வேலாண்டி," என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "வேலாண்டி... டீ சாப்பிடுறீரா?"

"குடிச்சாச்சு," என்றேன். குடிக்கவில்லை.

ஏழு பேரும் மறுபடி என்னிடமே வண்டி கொண்டுவரத் தொடங்கினார்கள். கோடு என் கோடுதான் என்று அவர்களிடம் நானே சொல்லிவிட்டேன், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது கோட்டைப் பற்றி அல்ல, கையைப் பற்றி. அந்தத் தச்சுப் பென்சில் இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது. பனி இறங்குகிற காலையில் ஜெபஸ்தியான் வண்டி பட்டறையில் நிற்கும்போது ஒரு கோடு இழுத்தால் போதும் என்று தோன்றும், பெட்டியை மூடிவிடுவேன். ஆவுடைநாயகம் இன்றைக்கும் என்னைக் கண்டால் "வேலாண்டி" என்று ஆரம்பிக்கிறார், பிறகு மழையைப் பற்றிச் சொல்கிறார், பேரனைப் பற்றிச் சொல்கிறார், வெங்காய விலையைச் சொல்கிறார். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். ஏழு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. மிச்சம் இருக்கிற ஐந்து பேர் முன்னால் சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன். காலையில் நான் ஸ்டாண்டில்தான் இருப்பேன்.